முதல் கடல்மீன் தொட்டி: மூன்றடித் தொட்டியில் தொடங்குவோருக்கு

கடல்மீன் தொட்டி வைத்துக் கைவிட்டவர்களிடம் பேசிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். தொட்டி, விளக்கு, மணல், மீன் எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வாங்கினார்கள். ஒரு வாரம் எல்லாம் அழகாக நீந்தின. மூன்றாவது வாரம் முடிவதற்குள் தொட்டி காலி. இதில் விதியென்று எதுவும் இல்லை. ஆர்.ஓ. தண்ணீர், குளிரூட்டல், டெஸ்ட் கிட், புது மீனைத் தனியே வைக்க ஒரு சின்னத் தொட்டி என்ற நான்கையும் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டிருப்பார்கள். விளக்கில் செலவைக் குறைக்கலாம், ஸ்டாண்டின் அழகில் குறைக்கலாம். இந்த நான்கில் குறைத்தால் மீனின் உயிரில் போய் முடியும்.

பாறைத்திட்டுகளில் வாழும் மீன்களுக்கு உப்பும் வெப்பமும் காரத்தன்மையும் நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை. நம் வீட்டுத் தொட்டியிலோ ஒரே மதியத்தில் இரண்டு டிகிரி ஏறிவிடும். போதாக்குறைக்குக் கடல்நீரில் ஆக்சிஜனே குறைவு. 25 டிகிரியில் நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் கரையும். கடல்நீரில் சுமார் 6.7 மட்டுமே. 30 டிகிரிக்கு ஏறினால் அது 6.2 ஆகிவிடும். அதே நேரத்தில் சூட்டினால் மீனின் ஆக்சிஜன் தேவை கூடும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ மே மாதத்தில் தொட்டி வைப்பவருக்கு முதல் எதிரி இந்தச் சூடுதான்.

இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டிக்கும் அதன் கீழே வைக்கும் சம்ப் என்ற துணைத்தொட்டிக்கும் பொருந்தும். பாறையும் மணலும் போட்ட பிறகு இரண்டிலும் சேர்த்துச் சுமார் 180 லிட்டர் தண்ணீர் நிற்கும். மேசைமேல் வைக்கும் 30 லிட்டர் நானோ தொட்டி மலிவாகத் தெரியும். ஆனால் தண்ணீர் குறையக் குறையத் தவறு செய்ய இடமும் குறைகிறது. முதல் தொட்டிக்கு அது வேண்டாம்.

தொட்டி, ஸ்டாண்டு, சம்ப்

கண்ணாடி 10 மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். தண்ணீர், பாறை, மணல், கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 300 கிலோ வரும். அதனால் மாடி வீடென்றால் அறையின் நடுவில் வைக்காமல், பீம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள். வெயில் நேரடியாக விழும் ஜன்னலோரம் கூடாது. சாதாரண பிளைவுட் ஸ்டாண்டு உப்புத்தண்ணீர் பட்டால் ஒரு வருடத்தில் ஊதிவிடும். சதுர இரும்புக் குழாயில் வெல்டிங் செய்து, பிரைமரும் எபாக்ஸி பெயின்டும் இரண்டு கோட்டு அடித்தது நீண்ட நாள் நிற்கும். ரசமட்டம் வைத்து நான்கு பக்கமும் பாருங்கள். தொட்டிக்கு அடியில் அரை அங்குலத் தெர்மாகோல் ஷீட் ஒன்று கட்டாயம். கண்ணாடிக்கும் பலகைக்கும் இடையில் ஒரு மணல் துணுக்கு சிக்கினாலே விரிசல் விழலாம்.

சம்ப் என்பது ஸ்டாண்டுக்குள் வைக்கும் இரண்டடித் தொட்டி. மேல்தொட்டியிலிருந்து வழியும் தண்ணீர் அதில் இறங்கி, கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரைக் கடந்து, ரிட்டர்ன் மோட்டார் வழியாக மேலே ஏறும். பெட்டியில் மணிக்கு 2,000 முதல் 2,500 லிட்டர் என்று போட்ட மோட்டார் போதும். நாலடி மேலே ஏற்றும்போது பாதிதான் வரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சோதனையைத் தவறவிடாதீர்கள். தொட்டியைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் நிரப்பி, மோட்டாரை ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்குங்கள். மின்சாரம் நின்றதும் ரிட்டர்ன் குழாய் சைஃபனாக மாறி மேல்தொட்டித் தண்ணீரைக் கீழே இழுக்கும். குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு 8 சென்டிமீட்டர் கீழே இருந்தால் 30 லிட்டருக்கு மேல் இறங்கும். சம்பில் அதற்கு இடமில்லையென்றால் ஹால் முழுக்கத் தண்ணீர்தான். குழாயில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே கீழே, 4 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போட்டால் மட்டம் அங்கே வந்ததும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். அந்த ஓட்டையில் பாசி அடைக்கும். மாதம் ஒருமுறை பல் குத்தும் குச்சியால் குத்திவிட வேண்டும்.

ஸ்கிம்மர் வாங்கும்போது தொட்டியின் இரண்டு மடங்கு கொள்ளளவு போட்டதை வாங்குங்கள்; 180 லிட்டருக்கு 350, 400 லிட்டர் என்று இருக்கட்டும். புது ஸ்கிம்மர் முதல் ஓரிரு வாரம் தாறுமாறாக நுரைக்கும் அல்லது நுரைக்கவே நுரைக்காது. அது பழுதல்ல, உள்ளே ஒரு படலம் படியும்வரை அப்படித்தான். மேல்தொட்டியில் வேவ்மேக்கர் என்ற, மணிக்கு 2,000 லிட்டர் தள்ளும் நீரோட்ட மோட்டார் இரண்டை எதிரெதிர் மூலையில் வையுங்கள். ஒன்று தண்ணீரின் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்சிஜன் கரைவது அங்கேதான்.

விளக்கைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். மீன் மட்டும் வளர்க்கும் தொட்டிக்குச் சாதாரண வெள்ளை, நீல எல்.இ.டி. போதும்; நாளுக்கு 8 மணி நேரம், டைமரில்.

எல்லா ஒயரும் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குப் போகாது. அந்த லைனுக்கு, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் உப்புத்தண்ணீரில் கை வைக்கவே கூடாது.

சூட்டை எப்படி இறக்குவது

குறி 26 டிகிரி. 25க்கும் 27க்கும் இடையில் நின்றால் நல்லது. திடீர் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருப்பது அதைவிட முக்கியம்.

சம்பின் மேல் சின்ன ஃபேன் இரண்டு வைத்தால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கோவை, மதுரை போன்ற வறண்ட ஊர்களில் இது நன்றாக வேலை செய்யும். கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் ஆவியாவது குறைவு. அறை 34 டிகிரி இருக்கும்போது ஃபேனை மட்டும் நம்பினால் தொட்டி 31, 32இல் நிற்கும். அங்கே தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வேண்டும், அல்லது இரவு பகலாக ஏ.சி. ஓடும் அறை வேண்டும். இரவில் மட்டும் ஏ.சி. போடும் படுக்கையறை மோசமான இடம். தினமும் ஐந்தாறு டிகிரி ஏறி இறங்கும்.

180 லிட்டருக்கு 1/10 குதிரைத்திறன் சில்லர் போதும் என்று பெட்டியில் போட்டிருக்கும். அந்தக் கணக்கு நம் ஊர்க் கோடைக்குப் போட்டதல்ல. ஒரு படி பெரியதாக வாங்கினால் அது ஓடும் நேரமும் குறையும், மின்கட்டணமும் பெரிதாக ஏறாது. சில்லரை மூடிய ஸ்டாண்டுக்குள் வைக்காதீர்கள். பின்னால் கக்கும் வெந்நீராவி போன்ற காற்றைத் தானே மறுபடி இழுத்து, குளிர்விக்க முடியாமல் திணறும்.

தண்ணீர்

வீட்டு ஆர்.ஓ. இருக்கிறதே என்று அதையே பிடித்து ஊற்றுவது வழக்கமான தவறு. குடிநீர் ஆர்.ஓ.வில் சுவைக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடும் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) கண்ட்ரோலர் இருக்கும், மினரல் கார்ட்ரிட்ஜும் இருக்கும். கேன் தண்ணீரும் அப்படித்தான். போர் தண்ணீரின் டி.டி.எஸ். ஆயிரத்தைத் தாண்டும் பகுதியில் இந்த ஆர்.ஓ.வில் 80, 100 என்று டி.டி.எஸ். வந்தால் அதில் நைட்ரேட், சிலிக்கேட் எல்லாம் சேர்ந்தே வரும். குடிக்க அது நல்ல தண்ணீர். தொட்டியில் அது பாசிக்கு உரம்.

வேண்டியது 0 முதல் 5 டி.டி.எஸ். உங்கள் ஆர்.ஓ.வில் கண்ட்ரோலரை முழுக்க மூடி, மினரல் கார்ட்ரிட்ஜுக்கு முன்னாலிருந்து ஒரு குழாய் எடுத்து, அதில் மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் நிரப்பிய கார்ட்ரிட்ஜ் ஒன்றை மாட்டினால் போதும். ஆர்.ஓ. சர்வீஸ் செய்பவர் அரை மணி நேரத்தில் செய்து தருவார். கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரெசின் தீர்ந்ததும் அளவு மெல்ல ஏறுவது அதில் தெரியும். சேமிக்கும் டிரம் உணவுக்கு உகந்த பிளாஸ்டிக்காக இருக்கட்டும்; பெயின்ட், பினாயில், ரசாயனம் வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது.

கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இயற்கைக் கடல்நீர் ஆசை வரும். கூவமும் அடையாறும் கலக்கும் இடங்களுக்கு அருகில் கரையோரத்தில் மொண்ட தண்ணீரில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு உப்பளவும் நன்றாகக் குறைந்திருக்கும். முதல் தொட்டிக்கு உப்புப் பொடிதான் சரி.

உப்புப் பொடி என்றால் மீன் தொட்டிக்கென்று விற்கும் செயற்கைக் கடல் உப்பு. கல்லுப்பு அல்ல, அதில் கால்சியமும் மெக்னீசியமும் கார்பனேட்டும் கடலில் உள்ள விகிதத்தில் இருக்காது. லிட்டருக்கு ஏறக்குறைய 36 கிராம் என்று 180 லிட்டருக்கு ஆறரைக் கிலோ. முதலில் தண்ணீர், அதில் மோட்டார் ஓட வேண்டும், அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு. உப்பைக் கொட்டிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் அடியில் கரைசல் மிகக் கெட்டியாகி, கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன கலக்கினாலும் கரையாது. சரியாகக் கலந்த தண்ணீர் ஒரு நாளில் கண்ணாடிபோலத் தெளியும்.

உப்பளவு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது அடர்த்தி எண் 1.025 முதல் 1.026. பிளாஸ்டிக் முள் ஆடும் ஹைட்ரோமீட்டர் ஒரு குமிழி ஒட்டினாலே தவறாகக் காட்டும். ஒளி விலகுவதை வைத்து உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதையும் வெறும் ஆர்.ஓ. தண்ணீரால் பூஜ்ஜியத்துக்கு வைப்பதோடு விடாமல், 35 பி.பி.டி. கரைசலால் மாதம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஃபேன் ஓடும் தொட்டியில் நாளுக்கு 4 லிட்டர் போவது சாதாரணம். மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் 35 இருந்தது 37.5 ஆகியிருக்கும். ஈடுகட்ட ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர். உப்புத்தண்ணீரை ஊற்றிவிட்டு, ஏன் உப்பு ஏறிக்கொண்டே போகிறது என்று தேடுபவர்கள் நிறைய. மட்டம் குறைந்ததும் தானே ஊற்றும் ஆட்டோ டாப்அப் கருவியை முதல் நாளிலிருந்தே மாட்டுவது நல்லது.

பாறை: சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்

வெளிநாட்டு வீடியோக்களில் கடலிலிருந்து எடுத்த, நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பவளப்பாறையான லைவ் ராக்கைப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தியாவில் பாறை கட்டும் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை; புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. செத்த பவளத் துண்டை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். கடல் குதிரை, கடல் அட்டை, கடல் விசிறி, ராட்சதச் சிப்பி எல்லாம் இதே சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவைதான். யாராவது ராமேசுவரத்திலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ 'சரக்கு' தருகிறேன் என்றால் விலகிவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகள் ஏற்கெனவே சூட்டால் வெளுத்துத் தவிக்கின்றன.

தொட்டிக்கென்று செய்யும் செராமிக் பாறை, சிமென்ட்டில் வார்த்த நுண்துளைப் பாறை இரண்டும் அதே வேலையைச் செய்யும். சிமென்ட் பாறையென்றால் பி.எச். ஏறாத அளவுக்குச் சில வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவையுங்கள். 15 கிலோ போதும். கனம் குறைவாக, உள்ளே துளை அதிகமாக இருக்க வேண்டும். நன்மை செய்யும் பாக்டீரியா குடியேறுவது அந்தத் துளைகளில்தான்.

பாறையை மணல் மேல் வைக்காதீர்கள். முதலில் கண்ணாடிமேல் பாறை, எபாக்ஸி புட்டியால் ஒட்டி, ஆட்டிப் பார்த்து அசையாமல் இருந்தால் அதன்பின் சுற்றி மணல். தோண்டும் மீனோ இறாலோ அடியில் குழி பறித்தால், மணல்மேல் நின்ற பாறை கண்ணாடியில் சாயும். பின்பக்கக் கண்ணாடிக்கும் பாறைக்கும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள், தண்ணீர் பின்னாலும் ஓட வேண்டும். மணல் 3 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுமார் 15 கிலோ அரகோனைட் என்ற சுண்ணாம்பு மணல். ஆற்று மணலும் கட்டட எம்-சாண்டும் ஆகாது.

மீன் இல்லாத ஆறு வாரம்

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். புதுத் தொட்டியில் இரண்டும் இல்லை. நன்னீரில் பி.எச். 7 இருக்கும்போது அம்மோனியாவில் பெரும்பகுதி நச்சில்லாத அம்மோனியமாக இருக்கும். கடல்நீரில் பி.எச். 8.2. அங்கே நச்சான பங்கு பத்து மடங்குக்கு மேல். நன்னீர்த் தொட்டியில் தப்பிக்கும் தவறு இங்கே தப்பிக்காததற்கு இதுதான் காரணம்.

பாக்டீரியாவை வளர்க்க மீன் வேண்டாம். ஆய்வகத் தரமுள்ள அம்மோனியம் குளோரைடு 1.1 கிராம் 180 லிட்டரில் கரைத்தால் அம்மோனியா 2 பி.பி.எம். அளவுக்கு வரும். நாட்டு மருந்துக்கடையில் நவச்சாரம் என்று கிடைப்பதும் அதே பொருள்தான், ஆனால் அதன் தூய்மைக்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள், வேண்டாம். கூடவே பாட்டில் பாக்டீரியா ஊற்றினால் காலம் கொஞ்சம் குறையும். ஒரு துண்டு பச்சை இறாலைப் போட்டு அழுகவிடும் பழைய முறையும் பலிக்கும். அதில் எவ்வளவு அம்மோனியா வருகிறது என்று கணக்கு வைக்க முடியாது, வீடும் நாறும்.

விளக்கை அணைத்துவையுங்கள். மோட்டார், வேவ்மேக்கர் எல்லாம் ஓடட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டால் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பாருங்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். இரண்டு மூன்று வாரம் நைட்ரைட் ஏறியே நிற்கும். பொறுமை போவது இங்கேதான். பிறகு சில நாளிலேயே சட்டென்று விழும். இரண்டும் பூஜ்ஜியமானதும் மறுபடி 1.1 கிராம் போடுங்கள். 24 மணி நேரத்தில் இரண்டும் மீண்டும் பூஜ்ஜியத்துக்கு வந்தால் தொட்டி தயார். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம். கடைசியில் பாதித் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டை 20 பி.பி.எம்.முக்குக் கீழே இறக்குங்கள்.

இந்தக் காலத்தின் முடிவில் மணல்மேல் காபித்தூள் தூவியதுபோலப் பழுப்புப் படலம் வரும். அது டயாட்டம் என்ற நுண்பாசி. அதற்குப் பிறகு பச்சைப் பாசி முடிபோல வளரும். பயந்து மருந்து போட வேண்டாம். பாசி தின்னும் நத்தை ஆறேழு விட்டு, விளக்கு நேரத்தைக் குறைத்தால் ஓரிரு மாதத்தில் அடங்கும்.

எந்த மீன், எந்த வரிசையில்

முதல் மீன் தொட்டியில் பிறந்த க்ளௌன் ஜோடி. கடையில் 'நிமோ' என்று கேட்டாலே எடுத்துக் காட்டுவார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் க்ளௌன் மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கின்றன. பண்ணை மீன் இன்று சாதாரணமாகக் கிடைக்கிறது. அது மனிதர் போடும் தீனிக்குப் பழகியிருக்கும், கடலில் பிடித்த மீனைவிட நோயும் குறைவு. ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வாங்குங்கள். க்ளௌன் எல்லாமே ஆணாகத்தான் வளரும், ஜோடியில் ஓங்கிய மீன் பெண்ணாக மாறும். ஒரே அளவில் இரண்டு வாங்கினால் யார் பெரியவர் என்ற சண்டை நீளும். கடலில் அவை ஒண்டி வாழும் அனிமோன் (கடல் சாமந்தி) இல்லாமலேயே அவை நன்றாக வாழும். அனிமோனுக்கு ஒரு வருடமாவது ஆன, நிலைத்த தொட்டி வேண்டும்.

ஒரு மாதம் கழித்து பாங்காய் கார்டினல் ஒன்று அல்லது ராயல் கிராமா ஒன்று. அதற்கும் ஒரு மாதம் கழித்து ஃபயர்ஃபிஷ். இது ஒரு தடவை மிரண்டால் தொட்டியை விட்டுக் குதித்துவிடும், மேலே வலை மூடி இல்லாமல் வாங்கவே கூடாது. சின்ன மீன்களாக ஐந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டாம்சல் மலிவு, முரடு. முதலில் விட்டால் பின்னால் வரும் எல்லோரையும் விரட்டும்.

வாங்கக் கூடாதவையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கடையில் கண்ணைப் பறிப்பவை இவைதான். மாண்டரின் மீன் நாள் முழுக்கப் பாறையில் ஊரும் கோப்பிபாடு என்ற நுண்ணிய உயிரிகளைக் கொத்தித் தின்னும். புதுத் தொட்டியில் அது மெல்லப் பட்டினியால் சாகும். மூரிஷ் ஐடல், பெரும்பாலான வண்ணத்துப்பூச்சி மீன்கள், கிளீனர் ராஸ் இவையும் தீனி எடுக்காமல் இளைத்துப் போகும். நீல டேங் ஓரடி வரை வளரும், அதற்கு ஆறடித் தொட்டி வேண்டும்.

சென்னைக் கொளத்தூரின் மீன் கடைகளுக்குப் போனாலும் வேறெங்கு போனாலும், மீனை எடுக்கச் சொல்வதற்கு முன் பத்து நிமிடம் கண்ணாடி முன் நில்லுங்கள். செவுள் இரண்டும் ஒரே சீராக அசைகிறதா, ஒரு பக்கம் மட்டும் மூடியிருக்கிறதா? முதுகுப் பக்கம், கண்ணுக்குப் பின்னால் உள்ள சதை நிறைந்திருக்கிறதா, கத்தியால் வழித்ததுபோல ஒட்டியிருக்கிறதா? வயிறு உள்வாங்கியிருக்கிறதா? தண்ணீர் மேற்பரப்பில் வாய் திறந்து நிற்கிறதா? பிறகு கடைக்காரரிடம், "அண்ணா, கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்கமாட்டார். தீனி விழுந்த பக்கம் பாயாத மீன் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். அந்தத் தொட்டியின் உப்பளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல கடைகளில் ஒட்டுண்ணியை அடக்கவும் உப்புச் செலவைக் குறைக்கவும் 1.018, 1.020 என்று தாழ்வாக வைத்திருப்பார்கள்.

பையிலிருந்து தனித்தொட்டிக்கு

எந்த மீனும் முதலில் பெரிய தொட்டிக்குள் போகக் கூடாது. இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, 50 லிட்டர். மணல் இல்லை, பாறை இல்லை. ஒளிந்துகொள்ள பி.வி.சி. எல்போ நாலைந்து. ஏர்பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர். அந்த ஸ்பாஞ்சை மூன்று வாரம் முன்பே பெரிய தொட்டியின் சம்பில் போட்டு வைத்திருந்தால் பாக்டீரியா அதில் குடியேறியிருக்கும்.

பைக்குள் மீன் மூச்சுவிட்ட கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும். அதனால் அங்கே சேர்ந்த அம்மோனியா பெரும்பாலும் நச்சில்லாத வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறுகிறது, அம்மோனியா அந்தப் பைக்குள்ளேயே விஷமாகிறது. வெளியூரிலிருந்து கூரியரில் பத்து, இருபது மணி நேரம் பயணம் செய்து வந்த மீனை இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் பழக்கினால், அது கிடப்பது அந்த விஷத்தில்தான். மாறாக, தனித்தொட்டியின் உப்பளவைக் கடையின் அளவுக்கு முன்கூட்டியே இறக்கி வையுங்கள். கட்டிய பையை 20 நிமிடம் மிதக்கவிடுங்கள், வெப்பம் ஒன்றாகும். பையை வெட்டி, மீனை மட்டும் சின்னக் குவளையில் பிடித்து உடனே மாற்றுங்கள். பைத் தண்ணீர் வாஷ்பேசினுக்கு. அதன்பின் நாளுக்கு 0.002 வீதம் உப்பை ஏற்றி 1.025க்குக் கொண்டுவாருங்கள். உப்பு இறங்குவதை மீன் தாங்கும். சட்டென்று ஏறுவதைத் தாங்காது.

குறைந்தது 30 நாள் அங்கேயே. இந்த நாட்களில் பார்க்க வேண்டியது முக்கியமாக இரண்டு. வெள்ளைப் புள்ளி நோய்: துடுப்பிலும் உடலிலும் உப்புக்கல் ஒட்டியதுபோல எண்ணக்கூடிய புள்ளிகள், மீன் பாறையில் உரசும். இரண்டு மூன்று நாளில் புள்ளிகள் மறைந்ததும் குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள். ஒட்டுண்ணி மீனைவிட்டு உதிர்ந்து, தரையில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பெருகித் திரும்பி வரும். மற்றது வெல்வெட்: டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் பொன்னிறப் பொடி தூவியதுபோலத் தெரியும், மீன் வேகமாக மூச்சுவிடும், வேவ்மேக்கர் முன் போய் நிற்கும். இரண்டு மூன்று நாளில் தொட்டியையே காலி செய்யும் நோய் இது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இரண்டுக்கும் செம்பு மருந்து கேட்கும். அயனிச் செம்பு, கட்டுண்ட செம்பு என்று இரண்டு வகை உண்டு. இரண்டின் அளவும் பல மடங்கு வேறுபடும். அதனால் உங்கள் பாட்டிலில் போட்ட அளவையும் அதற்குப் பொருந்தும் டெஸ்ட் கிட்டையும் மட்டுமே நம்புங்கள், வேறொருவர் சொன்ன எண்ணைப் பிடிக்காதீர்கள். அளவு குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும், கூடினால் மீன் போகும். செம்பைப் பெரிய தொட்டியில் ஒருபோதும் போடக் கூடாது. நத்தை, இறால் எல்லாம் சாகும், பாறை அதை உறிஞ்சிவைத்துப் பல மாதம் கசியவிடும்.

வெள்ளைப் புள்ளிக்கு மருந்தே இல்லாத வழி ஒன்று உண்டு. ஒட்டுண்ணி மீன்மேல் இருப்பது மூன்று முதல் ஏழு நாள். கூட்டிலிருந்து புதியது வர மூன்று நாளாவது ஆகும். ஒரே அளவு பிளாஸ்டிக் தொட்டி இரண்டு எடுத்துக்கொண்டு, 1, 4, 7, 10, 13ஆம் நாட்களில் மீனைப் புதுத் தண்ணீருக்கு மாற்றி, பழையதைக் கழுவி முழுக்கக் காயவைத்தால், உதிர்ந்தவை எல்லாம் பழைய தொட்டியிலேயே அழியும். வெல்வெட்டுக்கு இதை நம்ப முடியாது.

நோய் பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால் எல்லா மீனையும் எடுத்துத் தனித்தொட்டியில் சிகிச்சை செய்யுங்கள். பெரிய தொட்டி 76 நாள் மீன் இல்லாமல் ஓட வேண்டும். கூடுகளில் சில அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும் என்பதால்தான் இந்த எண்.

தினமும், வாரமும்

இறால் போன்ற சிற்றுயிர்களான மைசிஸ், ஆர்டீமியா (உறைந்தவை), நல்ல தரக் குருணை மாற்றி மாற்றி, நாளுக்கு இரண்டு முறை, இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு. மீன் சந்தையில் வாங்கிய பச்சை இறாலையும் கணவாயையும் கழுவி, பொடியாக நறுக்கி, தட்டையாக உறையவைத்து ஒடித்துப் போடலாம். உறைந்த தீனியை வடிகட்டியில் கரைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

வாரம் 18 லிட்டர் மாற்றுங்கள். 650 கிராம் உப்பை முந்தின நாளே பக்கெட்டில் மோட்டார் போட்டுக் கலக்கி, வெப்பமும் உப்பளவும் தொட்டியோடு ஒன்றானதும் ஊற்ற வேண்டும். ஸ்கிம்மர் கோப்பையை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள்; கழுத்தில் பிசுக்குப் படிந்தால் நுரை ஏறாது. பி.எச். 8.1 முதல் 8.3, காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச்., நைட்ரேட் 20க்குக் கீழ். இவற்றை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஒரு நாள் எண்ணைவிட நான்கு வார ஓட்டம் அதிகம் சொல்லும்.

கொசு மருந்தின் ஆபத்தை மறக்கக் கூடாது. லிக்விட், சுருள், ஸ்பிரே போன்றவற்றில் பெரும்பாலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கடும் விஷம். ஸ்கிம்மரும் ஏர்பம்பும் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீரில் கலப்பவை. தெருவில் புகை அடிக்கும் வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலை மூடி, அரை மணி நேரம் ஸ்கிம்மரையும் ஏர்பம்பையும் நிறுத்துங்கள், வேவ்மேக்கர் மட்டும் ஓடட்டும். தொட்டி உள்ள அறைக்குக் கொசுவலைதான் சரி.

மின்வெட்டில் முதலில் தீர்வது ஆக்சிஜன். வேவ்மேக்கர் ஒன்றை மட்டும் வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்தால் போதும், பத்துப் பதினைந்து வாட்தான் இழுக்கும். இன்வெர்ட்டர் இல்லையென்றால் பேட்டரி ஏர்பம்ப் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். புயல் அறிவிப்பு வந்தால் முந்தின நாளே தீனியை நிறுத்திவிடுங்கள். இரண்டு நாள் பட்டினி மீனை ஒன்றும் செய்யாது, கழிவு குறையும்.

ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் தீனி டப்பாவை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். மீன் பசிப்பதுபோல வாயைத் திறந்து வரும், அவர்களும் பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். நாளுக்கு ஒரு பொட்டலம் என்று மடித்து, மேலே கிழமையை எழுதி, மீதியைப் பூட்டி வையுங்கள். கூடவே ஒரு தாளில் இரண்டு வரி போதும்: தொட்டி வெப்பம் 28ஐத் தாண்டினால் போன் செய்யவும், வேறு எதையும் தொட வேண்டாம்.